அம்மாவோட கம்ப்யூட்டர் எதுக்காகக் காத்திருக்கு?

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடு ஒரு போன் கால்ல இருந்து ஆரம்பிக்குது. கால் பண்ணது எங்கம்மா.

"டேய், கம்ப்யூட்டர ஆன் பண்ணிட்டு, காபி போட்டு, குடிச்சு, டம்ளர கழுவி வச்சுட்டு வந்தாலும் இன்னும் அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்குடா."

அம்மா திருச்சில வீட்டுலயே ஒன்பதாவது, பத்தாவது பசங்களுக்கு மேத்ஸ் டியூஷன் எடுக்கிறாங்க. எல்லா கொஸ்டின் பேப்பரும் அந்த ஒரு டெஸ்க்டாப்லதான் இருக்கு. 2016-ல வாங்கினது. இன்டெல் ஐ5, ஆறாவது தலைமுறை, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். வாங்கும்போது நல்ல மெஷின்தான்.

பக்கத்துல இருக்கிற ஒரு கடையில காட்டியிருக்காங்க. அவர் ஆன் பண்ணி ரெண்டு நிமிஷம் பாத்துட்டு, "இது பழசாயிடுச்சு மேடம், புதுசு வாங்கிடுங்க"ன்னு சொல்லி 42,000 ரூபாய்க்கு ஒரு கொட்டேஷன் கொடுத்துட்டார். அம்மாவுக்கு அது அஞ்சாறு மாச டியூஷன் பணம்.

கடைக்காரர நான் குறை சொல்ல மாட்டேன். ஏன்னா அதுக்கு முன்னாடி ஆறு மாசமா நான் பண்ணது அதைவிட மோசம். ஒவ்வொரு தடவை அம்மா கேக்கும்போதும், "ஹிஸ்டரி க்ளியர் பண்ணும்மா", "ஒரு க்ளீனர் போடும்மா"ன்னு போன்லயே மருந்து சொல்லிட்டு வச்சிடுவேன். நான் போடச் சொன்ன க்ளீனர், கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதெல்லாம் தானும் கூடவே எழுந்து வேலை பாக்க ஆரம்பிச்சிடுச்சு. இருந்த பாரம் போதாதுன்னு நான் இன்னொரு மூட்டைய ஏத்தியிருக்கேன்.

ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி நேர்ல போனேன். அன்னைக்கு நான் கத்துக்கிட்டததான் இந்த எபிசோடுல சொல்லப் போறேன்.

டீச்சர், மேஜை, பீரோ, கூரியர்

கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்குன்னு நாம சொல்றோம். பெரும்பாலான நேரம் அது சும்மா உக்காந்து எதுக்கோ காத்துக்கிட்டு இருக்கும். எதுக்காகக் காத்திருக்குன்னு கண்டுபிடிச்சிட்டா பாதி வேலை முடிஞ்சது. அது தெரியாம எதப் பண்ணாலும் இருட்டுல கல்லெறியற மாதிரிதான்.

காத்திருக்கக் கூடிய இடங்கள் முக்கியமா நாலு. அம்மாவோட டியூஷன் ரூமையே வச்சு சொல்றேன்.

டீச்சர்தான் சிபியூ. கணக்குப் போடற ஆள். டீச்சர் முன்னாடி இருக்கிற மேஜை ரேம். இப்போ கைக்கு வேணுங்கிறது எல்லாம் அதுமேல பரப்பி வச்சிருக்கும். ரூம் ஓரத்துல இருக்கிற பீரோ ஹார்ட் டிஸ்க். எல்லா நோட்டும் அங்கதான் இருக்கும், ஆனா எழுந்து போய் எடுத்துட்டு வரணும். வெளியூர்ல இருந்து புக்கு கொண்டு வர்ற கூரியர்தான் நெட்வொர்க்.

டீச்சர் எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும் மேஜை சின்னதா இருந்தா, ஒவ்வொரு நோட்டுக்கும் பீரோவுக்கு நடக்கணும். பீரோ கதவு துருப்பிடிச்சு திறக்கவே ரெண்டு நிமிஷம் ஆச்சுன்னா, டீச்சர் மாத்தி என்ன பிரயோஜனம்? புதுசா வாங்கறதுக்கு முன்னாடி நடை எங்க வீணாகுதுன்னு பாக்கணும். அதுக்கு விண்டோஸ்லயே ஒரு ஜன்னல் இருக்கு.

டாஸ்க் மேனேஜரை எப்படிப் படிக்கிறது

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப். மூணையும் சேத்து அழுத்துங்க. டாஸ்க் மேனேஜர் திறக்கும். நம்மள்ல பல பேர் தொங்கிப் போன புரோகிராம மூடறதுக்கு மட்டும்தான் இத தொறப்போம். உண்மையில இது ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்.

மேல சிபியூ, மெமரி, டிஸ்க், நெட்வொர்க்னு நாலு தலைப்பும் பக்கத்துல சதவீதமும் இருக்கும். நாம சொன்ன அதே நாலு பேர்.

பாக்கறதுக்கு ஒரு முறை இருக்கு. ஆன் பண்ண உடனே பாக்காதீங்க. முதல் பத்து பதினஞ்சு நிமிஷம் விண்டோஸ் அப்டேட், வைரஸ் ஸ்கேன், ஃபைல் தேடலுக்கான பட்டியல் எல்லாம் ஓடும். அப்ப எல்லாமே சிவந்துதான் இருக்கும். கொஞ்சம் விட்டுட்டு, எந்த புரோகிராமும் திறக்காம ஒரு தடவை பாருங்க. அப்புறம் பிரவுசர் திறந்து, வழக்கமா வச்சிருக்கிற டேப் எல்லாம் திறந்து இன்னொரு தடவை பாருங்க. ரெண்டையும் ஒரு பேப்பர்ல எழுதி வைங்க.

அம்மா மெஷின்ல இருபது நிமிஷம் கழிச்சும், எதுவுமே திறக்காதப்போ, சிபியூ 12%, மெமரி 60%, டிஸ்க் 100%. டீச்சர் சும்மா இருக்கார். மேஜைல இடம் இருக்கு. பீரோகிட்ட மட்டும் கூட்டம்.

இங்க ஒரு சந்தேகம் வரும். டிஸ்க் 100%னு காட்டுது, ஆனா கீழ பாத்தா நொடிக்கு 1 எம்பி கூட படிக்கல. எப்படி? அந்த 100%ங்கிறது எவ்வளவு டேட்டா நகருதுன்னு சொல்றதில்ல. டிஸ்க் எவ்வளவு நேரம் பிஸியா இருந்துச்சுன்னு சொல்லுது. ஒரு சின்ன ஃபைலுக்காக முழு நேரமும் திணறிக்கிட்டு இருந்தாலும் 100%தான்.

ஹார்ட் டிஸ்க் உள்ள ஒரு தட்டு சுத்துது. டெஸ்க்டாப்ல பொதுவா நிமிஷத்துக்கு 7,200 தடவை. அப்படின்னா ஒரு சுத்துக்கு 8 மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் மேல. வேணுங்கிற இடம் ஊசிக்குக் கீழ வர சராசரியா அரை சுத்து காத்திருக்கணும். அதோட ஊசி நகர்ற நேரத்தையும் சேத்தா, ஒவ்வொரு சின்ன ஃபைலுக்கும் சுமாரா 10 மில்லி செகண்ட். நொடிக்கு நூறு சொச்சம் ஃபைல், அவ்வளவுதான் முடியும். விண்டோஸ் எழுந்திருக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல படிக்குது. எஸ்எஸ்டில சுத்தற தட்டே கிடையாது. சாதாரண எஸ்எஸ்டியே நொடிக்குப் பல்லாயிரம் கோரிக்கைகளுக்குப் பதில் சொல்லும். பழைய மெஷின்ல எஸ்எஸ்டி போட்டா புதுசு மாதிரி ஆயிடுதுன்னு சொல்றாங்களே, அதுக்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

சரி, எஸ்எஸ்டி வாங்கிடலாம்னு எழுந்திருச்சேன். அதுக்குள்ள இன்னொரு நம்பர் கண்ணுல பட்டுச்சு.

மெதுவா இருக்கிறதா, சாகப் போறதா?

டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய் டிஸ்க்க அழுத்தினா, ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்னு ஒண்ணு இருக்கும். கேட்டதுக்குப் பதில் சொல்ல டிஸ்க் எடுத்துக்கற நேரம். நல்ல ஹார்ட் டிஸ்க்ல, வேலை இருக்கும்போது சில பத்து மில்லி செகண்ட் காட்டலாம். எங்கம்மா மெஷின் 2,000, 3,000னு காட்டுச்சு. மூணு செகண்ட்! ஒரே ஒரு கேள்விக்கு!

அப்பத்தான் வயித்தக் கலக்குச்சு. இது வயசான டிஸ்க்கோட வேகம் இல்ல. படிக்க முடியாத இடத்தத் திரும்பத் திரும்பப் படிக்க முயற்சி பண்ற டிஸ்க்கோட வேகம்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. ஹார்ட் டிஸ்க் தன்னோட உடல்நிலையப் பத்தித் தானே வச்சிருக்கிற குறிப்புகள அது படிச்சுக் காட்டும். நீலம்னா நல்லது, மஞ்சள்னா எச்சரிக்கை, சிவப்புன்னா முடியப் போகுது. எங்களுக்கு மஞ்சள் வந்துச்சு. கெட்டுப் போன செக்டார்கள் ஏற்கெனவே நிறைய, இன்னும் கொஞ்சம் வரிசைல நிக்குது.

நீலம் வந்தாலும் நூறு சதவீதம் நம்ப வேண்டாம், சில டிஸ்க் ஒரு வார்த்தையும் சொல்லாமப் போயிடும். ஆனா மஞ்சள் வந்தா கட்டாயம் நம்புங்க.

அம்மாகிட்ட கேட்டேன், "கொஸ்டின் பேப்பர் எல்லாம் வேற எங்கயாவது காப்பி இருக்காம்மா?"

"எதுக்கு? அதான் கம்ப்யூட்டர்லயே இருக்கே."

பத்து வருஷ உழைப்பு. ஒவ்வொரு கணக்கும் அவங்களே யோசிச்சு, ஒத்த விரல்ல டைப் பண்ணது. எல்லாம் மஞ்சள் விளக்கு எரியற ஒரு தட்டு மேல.

இந்த எபிசோடுல ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் வச்சுக்க முடியும்னா, இத வச்சுக்கோங்க. கம்ப்யூட்டர் திடீர்னு மெதுவா ஆச்சுன்னா, கட கடன்னு புதுசா ஒரு சத்தம் வந்துச்சுன்னா, வேற எதையும் பண்றதுக்கு முன்னாடி முதல்ல காப்பி எடுங்க. ஃபார்மட் வேண்டாம், டீஃப்ராக் வேண்டாம், முழு ஸ்கேன் கூட வேண்டாம். உடைஞ்ச கால் ஓட நாமளே ஓட விடக் கூடாது.

ஒரு எக்ஸ்டர்னல் டிரைவ் வாங்கிட்டு வந்தேன். முக்கியமானத முதல்ல. கொஸ்டின் பேப்பர் ஃபோல்டர், அப்புறம் போட்டோ, அப்புறம் மத்ததெல்லாம். ராத்திரி பூரா ஓடுச்சு. காலைல பாத்தா மூணு ஃபைல் மட்டும் வரல. ரெண்டு பழைய ரிவிஷன் பேப்பர். இன்னொண்ணு தாத்தாவோட எண்பதாவது பிறந்தநாள் வீடியோ. அம்மா ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சு சித்திக்கு போன் பண்ணாங்க. நல்ல வேளை, சித்தி வாட்ஸ்அப்ல தெளிவு கம்மியான ஒரு காப்பி இருந்துச்சு.

நான் போன்லயே "ஃபார்மட் பண்ணிடும்மா"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இன்னைக்கும் யோசிக்கிறேன்.

என்ன மாத்தினோம்

ஹார்ட் டிஸ்க்கக் கழட்டிட்டு எஸ்எஸ்டி. பழைய டிஸ்க்ல இருந்து அப்படியே நகலெடுக்காம விண்டோஸ புதுசா போட்டோம். கெட்ட டிஸ்க்க நகலெடுத்தா கெட்டுப் போன ஃபைலும் சேர்ந்து வரும். விண்டோஸ் லைசென்ஸ் பொதுவா மதர்போர்டோட இணைஞ்சிருக்கும், அதனால அதே பதிப்பப் போட்டதும் தானாவே ஆக்டிவேட் ஆயிடுச்சு.

அப்புறம் ரேம். என் பேப்பர்ல ரெண்டாவது வரி ஒண்ணு இருந்துச்சு. பிரவுசர் திறந்த பிறகு மெமரி 93%. மேஜை நிறைஞ்சா விண்டோஸ் என்ன பண்ணும்? மேல இருக்கிற சில நோட்ட எடுத்து பீரோல வைக்கும், வேணும்போது திரும்ப எடுக்கும். அதனால ரேம் பத்தலைன்னாலும் டிஸ்க் 100% காட்டும். இந்த ரெண்டையும் பிரிச்சுப் பாக்கத்தான் பிரவுசர் திறக்காம ஒரு தடவை, திறந்து ஒரு தடவை பாக்கச் சொன்னேன். திறக்கறதுக்கு முன்னாடியே டிஸ்க் திணறினா டிஸ்க்கச் சந்தேகப்படுங்க. திறந்த பிறகு மட்டும் திணறினா ரேம். அம்மாவுக்கு ரெண்டுமே. இன்னொரு 4 ஜிபி போட்டு எட்டாக்கினோம். மதர்போர்டுக்கு எந்த வகை பொருந்தும்னு பாத்து வாங்கணும், இது முக்கியம்.

எஸ்எஸ்டி, ரேம், எக்ஸ்டர்னல் டிரைவ் எல்லாம் சேத்து அந்த 42,000-ல கால் பங்குக்கும் கீழதான் ஆச்சு. ஆறு நிமிஷம் சுத்தின வட்டம் இப்போ அரை நிமிஷத்துல முடியுது.

பிரவுசர் மட்டும் அடம் பிடிச்சா

எல்லாம் முடிஞ்சு ஊருக்குக் கிளம்பற நேரம். "எல்லாம் வேகமா இருக்குடா, ஆனா குரோம் மட்டும் இழுக்குது"ன்னாங்க அம்மா. பிரவுசர்ல சைன் இன் பண்ணதும் பழைய எக்ஸ்டென்ஷன் எல்லாம் தானா திரும்பி வந்திருக்கு. பழைய வீட்டு எலி புது வீட்டுக்கும் வந்த கதை.

குரோமுக்குள்ளயே தனியா ஒரு டாஸ்க் மேனேஜர் இருக்கு, தெரியுமா? குரோம் திறந்து வச்சுட்டு ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்துங்க. எட்ஜ்லயும் இதேதான். எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு மெமரி, எவ்வளவு சிபியூ எடுக்குதுன்னு வரிசையா வரும். மெமரிங்கிற தலைப்பத் தட்டினா பெரிய ஆள் மேல வந்துடுவார்.

பிரவுசர் ஏன் இவ்வளவு மெமரி தின்னுதுன்னு எல்லாரும் திட்டறோம். குரோம் 2008-ல வந்ததுல இருந்தே டேப்கள தனித்தனி புராசஸா பிரிச்சு ஓட்டற வடிவமைப்பு. ஒண்ணு தொங்கினா எல்லாம் சாகாது. 2018-ல ஸ்பெக்டர்னு ஒரு சிபியூ பாதுகாப்புக் குறை வெளிய வந்துச்சு. ஒரு வெப்சைட் இன்னொரு வெப்சைட்டோட ரகசியத்த எட்டிப் பாக்கிற ஆபத்து. அதுக்காகக் குரோம் 67-ல ஒவ்வொரு சைட்டையும் தனித்தனி அறையில வச்சாங்க. இதனால மெமரி 10-13% கூடும்னு கூகுளே சொல்லுச்சு. ஆக, அந்த மெமரில ஒரு பகுதி உங்க பேங்க் டேப்புக்கும் படம் டவுன்லோட் டேப்புக்கும் நடுவுல இருக்கிற சுவரோட விலை. மீதிதான் நாம குறைக்கக் கூடியது.

எப்படிக் குறைக்கிறது? முதல்ல இன்காக்னிட்டோல அதே பேஜத் திறந்து பாருங்க. அங்க எக்ஸ்டென்ஷன்கள் நாம தனியா அனுமதி கொடுக்காத வரைக்கும் ஓடாது. அங்க வேகமா இருந்தா எக்ஸ்டென்ஷன் மேலதான் முதல் சந்தேகம். ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணிப் பாருங்க. அம்மாகிட்ட இருந்தது ஷாப்பிங் கூப்பன் தேடற ஒரு எக்ஸ்டென்ஷன். அவங்க திறக்கிற எல்லா பேஜையும் அது படிச்சுக்கிட்டே இருந்திருக்கு. எப்போ போட்டாங்கன்னு அவங்களுக்கே தெரியல.

அடுத்தது நோட்டிஃபிகேஷன். மூலையில "உங்கள் கணினியில் 5 வைரஸ்"னு வந்துக்கிட்டே இருக்கா? அது பெரும்பாலும் வைரஸ் இல்ல. எப்பவோ ஒரு சைட்ல 'அலோ'ன்னு அழுத்தினதோட விளைவு. செட்டிங்ஸ்ல பிரைவசி, அதுல சைட் செட்டிங்ஸ், அதுல நோட்டிஃபிகேஷன்ஸ். தெரியாத பேரு எல்லாத்தையும் தூக்குங்க. அந்த மெசேஜ்ல இருக்கிற நம்பருக்கு மட்டும் போன் பண்ணிடாதீங்க, வீட்டுல பெரியவங்களுக்கும் சொல்லி வைங்க.

அப்புறம் என்னோட பழைய மருந்து, கேஷ் க்ளியர். கேஷ்ங்கிறது, போன தடவை கூரியர்ல வந்த புக்க வீட்டுலயே வச்சுக்கறது. அத அழிச்சா அடுத்த தடவை எல்லாத்தையும் திரும்ப வரவழைக்கணும். ஒரு பேஜ் உடைஞ்சு தெரிஞ்சா கேஷ் அழிக்கலாம். வேகத்துக்காக அடிக்கடி அழிச்சா மெதுவாதான் ஆகும். ஆறு மாசம் எங்கம்மாவ நான் அததான் பண்ண வச்சேன்.

பேஜ் மட்டும் லோட் ஆகல, மத்ததெல்லாம் ஓகேன்னா கூரியரப் பாருங்க. அதே வைஃபைல போன்ல அதே பேஜத் திறங்க. அங்கயும் இழுத்தா கம்ப்யூட்டர் மேல தப்பு இல்ல. போன்ல வேகமா இருந்தா, ஒரு தடவை ரவுட்டர்ல இருந்து கேபிள் போட்டுப் பாருங்க.

காசில்லாத மூணு வேலை

ஒண்ணு, ரீஸ்டார்ட். தினமும் ஷட் டவுன் பண்றேனேன்னு சொல்வீங்க. விண்டோஸ் 8-ல இருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒரு வசதி இருக்கு. அது ஆன்ல இருந்தா, ஷட் டவுன் பண்ணும்போது விண்டோஸோட உள்பகுதி தூங்கத்தான் போகும், முழுசா அணையாது. ரீஸ்டார்ட்தான் உண்மையான குளியல். வாரத்துக்கு ஒரு தடவையாவது பண்ணுங்க.

ரெண்டு, ஸ்டார்ட்அப் ஆப்ஸ். டாஸ்க் மேனேஜர்லயே தனிப் பக்கமா இருக்கும். தேவையில்லாதத டிசேபிள் பண்ணுங்க. ஆனா என்ன மாதிரி ஆர்வக் கோளாறு வேண்டாம். நான் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு சென்னைக்கு வந்துட்டேன். மறுநாள் அம்மா போன்: "தமிழ்ல டைப் பண்ணா ஏபிசிடியா வருதுடா." தமிழ் கீபோர்டு மென்பொருளையும் சேத்து ஆஃப் பண்ணியிருக்கேன்.

மூணு, தூசி. ஃபேன் அடைச்சா சூடு ஏறும், சூடு ஏறினா சிபியூ தன்னையே காப்பாத்திக்க வேகத்தக் குறைச்சுக்கும். மத்தியானம் மட்டும் ஸ்லோவா இருந்தா இதச் சந்தேகப்படுங்க.

எப்போ புதுசு வாங்கணும்?

டீச்சரே திணறினா. எல்லாம் சரி பண்ணியும் சாதாரண வேலைக்கே சிபியூ 100%லயே நின்னா, அப்போ வாங்கலாம்.

இன்னொரு காரணமும் இருக்கு. விண்டோஸ் 10-க்கு வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்ல பொதுவா எட்டாவது தலைமுறையாவது வேணும். அம்மாவோடது ஆறாவது. வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு இருக்கு, அதுல பதிவு பண்ணி வச்சிருக்கோம். அதுக்கப்புறம் லினக்ஸா, புது மெஷினான்னு அம்மாவே முடிவு பண்ணுவாங்க. அவசரத்துல, பயத்துல வாங்கற மாதிரி இல்லாம, டைம் எடுத்து முடிவு பண்ணுவாங்க. எனக்கு அது போதும்.

போன வாரம் அரையாண்டு மாடல் பேப்பர் டைப் பண்ணி முடிச்சுட்டு கால் பண்ணாங்க. "காபி போடறதுக்குள்ள கம்ப்யூட்டர் ரெடியா நிக்குதுடா"ன்னாங்க. கூடவே இன்னொண்ணும் சொன்னாங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அந்த எக்ஸ்டர்னல் டிரைவ்ல காப்பி எடுத்து, கழட்டி, பீரோல வைக்கிறாங்களாம். நிஜ பீரோல.

இன்னைக்கு உங்களுக்கு ஹோம் ஒர்க். வீட்டுக்குப் போய், அப்பா அம்மா கம்ப்யூட்டர்ல டாஸ்க் மேனேஜரத் திறந்து அந்த நாலு நம்பரையும் எழுதுங்க. வெளியூர்ல இருந்தா ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. மருந்து அப்புறம் சொல்லிக்கலாம். முதல்ல, "காப்பி எடுத்து வச்சிருக்கியா?"ன்னு கேளுங்க.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.